மொட்டைமாடிப் பொருளதிகாரம்

பாயிரம்

மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்திக் கோள் பார்க்கும் வழக்கம் நம் நகரங்களில் பரவி வருகிறது. பரவிய வேகத்துக்கு இலக்கணம் எழுதப்படவில்லை. வியாழனின் பட்டைகளை எண்ணினேன் என்கிறார் ஒருவர். சனியின் வளையத்தில் பிளவைக் கண்டேன் என்கிறார் இன்னொருவர். எங்கே, காட்டுங்கள் என்று நாம் போய்க் கண்ணை வைத்தால், "இப்பத்தான் சார் தெரிஞ்சது, நீங்க குனியறதுக்குள்ள கலங்கிடுச்சு" என்கிறார்கள். தெரிந்ததற்கும் கலங்கியதற்கும் இடைப்பட்ட அந்தக் கணமே இவ்வாய்வு நுதலிய பொருள்.

பாயிரத்தின் பிற உறுப்புகளையும் சொல்லிவிடுவது மரபு. எல்லை: சென்னையின் தென்புறநகரில் ஒரு மாடி, வடக்கே அடுத்த வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, தெற்கே முருங்கைமரம், கிழக்கே செல்போன் கோபுரம், மேற்கே துணி காயும் கொடி. வழி: குருமுகமாக வந்ததன்று, யூடியூப் வழி வந்தது. கேட்போர்: வீட்டார் பெயரைப் போட எண்ணியிருந்தேன், அவர்கள் இசையவில்லை. பயன்: கழுத்துவலியும் தெளிவும், பல இரவுகளில் முன்னது மட்டும்.

முந்துநூல்கள்

இத்துறையின் முதலாசிரியர் நியூட்டன். கண்ணாடியை எவ்வளவு செம்மையாகக் கடைந்தாலும் காற்றின் நடுக்கத்தை அது தீர்க்காது, உயர்ந்த மலையுச்சியின் அமைதியான காற்றே அதற்கு மருந்து என்று 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் எழுதிவைத்தார். மருந்துக்கு மலையேற முடியாதவர்கள் நோயை அளக்கப் புறப்பட்டார்கள். அமெரிக்கரான வில்லியம் பிக்கரிங், ஐந்து அங்குலத் தொலைநோக்கியில் விண்மீன் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து, நடுப்புள்ளியும் அதைச் சூழ்ந்த மெல்லிய வளையங்களும் எவ்வளவு கலங்குகின்றன என்பதற்கு ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் போட்டார். கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அந்தோனியாடி ஐந்தே படிகளில் முடித்துக்கொண்டார். முதற்படியில் உருவம் இம்மியும் அசையாது. இரண்டாவதில் மெல்லிய நடுக்கம், நடுநடுவே சில நொடிகள் நீடிக்கும் அமைதி. மூன்றாவது நடுத்தரம். நான்காவதில் ஓயாத அலைவு. ஐந்தாவதில் உருப்படியாக ஒரு கோட்டோவியம்கூட வரைய முடியாது.

இரண்டு அளவுகோல்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை வானத்தை மட்டும் விசாரிக்கின்றன. கீழே கொசுக்கடியில் குனிந்து நிற்பவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நிலத்தையும் பொழுதையும் மனத்தையும் ஒரே கட்டுக்குள் வைத்து அளக்கும் முறை நம்மிடம் இருக்கும்போது இந்தக் குறையோடு வாழவேண்டிய தேவை இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகப்பகுதி காதலைப் பற்றியது என்பது இதுவரை நிலவும் கருத்து. இவ்வாய்வு அக்கருத்தை மறுக்கவில்லை, சற்று நீட்டுகிறது. அந்தோனியாடியின் படிகள் ஐந்து, நடுவணது உட்பட அகன் திணைகளும் ஐந்து. இதற்குமேல் சான்று கேட்பவர் நம் ஆய்வுலகின் நடைமுறை அறியாதவர்.

எனவே, பார்ப்பவர் தலைவன், கோள் தலைவி என்று கொள்க. பார்ப்பவர் பெண்ணாயின் மாற்றிக்கொள்க. சனிக்கு இதில் ஆட்சேபணை இராது.

முதற்பொருள்: நிலம்

வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதும் ஏறத்தாழ அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஒளி அரைமணி நேரத்துக்கும் மேலாக வெற்றுவெளியில் எந்தச் சேதாரமும் இல்லாமல் வருகிறது. கெடுவதெல்லாம் பயணத்தின் கடைசி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வெவ்வேறு வெப்பமுள்ள காற்றுத் திரள்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நகரும்போது, ஒவ்வொன்றும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு திசைக்கு இழுக்கிறது. சனியின் வளையப் பிளவு நம் கண்ணுக்கு ஒரு பாகை நொடிக்கும் குறைவான அகலமே உள்ளது. பாகை நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பத்தை அழிக்க அந்த இழுப்பே தாராளம்.

குற்றவாளிகளை உயரவாரியாகப் பிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது விரைந்தோடும் காற்றாறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் தலைக்குமேல், விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை விரிவாக ஆராய்ந்து 1958இல் எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆடியிலும் ஆவணியிலும் இது கோளைக் கலக்கும். அப்போது மேகமும் மூடியிருப்பதால் கலக்குவது தெரியாது. மாடிக்காரர்கள் எந்த இரவு சொதப்பினாலும் இந்தத் தாரைக்காற்றின் மேல் பழிபோடுகிறார்கள். எட்டாத உயரத்தில் இருப்பவரைக் குறைசொல்வதில் ஒரு பாதுகாப்பு உண்டு.

ஆய்வாளரின் கருத்து வேறு. வழக்கமான குற்றவாளி, பார்ப்பவரின் காலடியிலேயே இருக்கிறான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணிவரை, சித்திரையில் நள்ளிரவு தாண்டியும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து மாடியின் ஏசி அவுட்டோர் யூனிட் தன் பங்குக்கு வெந்நீராவி போன்ற ஒரு தூணை எழுப்புகிறது. அதற்கு நேர்மேலே சனி வரும்போது வளையத்துக்குக் கைகால் முளைக்கும். தொலைநோக்கியின் குழலுக்குள்ளேயே இன்னொரு கலவரம்: ஒளி திரட்டும் ஆடி வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் முகத்திலிருந்தே வெப்பம் சுருண்டு எழும். இதற்கு ஆடியின் முதுகில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மாட்டுவது அறிந்தோர் வழக்கு. ஆடியைக் குளிர வைக்கத் தொலைநோக்கியை ஏசி அறையிலேயே வைத்திருந்து நேரே வெளியே கொண்டுவருவது அறியாதோர் வழக்கு. சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துடைக்கவும் கூடாது, காத்திருக்கவும் முடியாது.

சூரியனை ஆராய்பவர்கள் இந்த நிலப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். உதய்ப்பூரில் ஃபதே சாகர் ஏரியின் நடுத்தீவில் ஆய்வகத்தையே கட்டினார்கள். நீர் சட்டென்று சூடேறாது, அதன்மேல் காற்றும் கொதிக்காது. இதன் அடிப்படையில், மாலை ஆறு மணிக்கு மாடியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றலாம் என்று ஆய்வாளர் ஒரு பரிந்துரை வைத்தார். கோடையில், லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில், இது எப்படி வரவேற்கப்பட்டது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

முதற்பொருள்: பொழுது

பெரும்பொழுதுக்குப் பஞ்சாங்கமே போதும். ஒரு புறக்கோள் வக்கிரத்தில் இருக்கும் காலத்தின் நடுவில்தான் அது சூரியனுக்கு நேரெதிரே, நமக்கு மிக அருகே, மிகப் பெரிதாக வரும். சனி ஆண்டுதோறும் ஏறத்தாழ நாலரை மாதமும் வியாழன் நாலு மாதமும் வக்கிரமடைகின்றன. ஜோசியர் பரிகாரம் சொல்லும் அந்த மாதங்களே தொலைநோக்கிக்காரரின் முகூர்த்தக் காலம். சனி பார்வை நம்மேல் படக்கூடாது என்று ஊர் அஞ்சும்; நம் பார்வை சனிமேல் படாதா என்று இவர் ஏங்குவார்.

சிறுபொழுதில்தான் சிக்கல். இங்கே அகமரபின் இரவுக்குறி என்னும் கருத்து உதவுகிறது. தலைவன் வருவதாகச் சொன்ன அடையாள ஒலி, காற்றாலோ பழம் விழுவதாலோ தற்செயலாக எழுந்துவிட, தலைவி வந்து பார்த்து ஏமாந்து திரும்புவாள். அல்லகுறிப்படுதல் என்பார்கள். மழை பெய்து கழுவிவிட்ட வானம், ஊசியாய்க் குத்தும் விண்மீன்கள், ஒவ்வொன்றும் நீலமும் சிவப்புமாக மினுக்கும் இரவு: ஊரே அண்ணாந்து பார்த்து "ஆஹா" என்னும். அதுவே அல்லகுறி. அந்த மினுக்கம் காற்றின் கொந்தளிப்பு அன்றி வேறில்லை. அதற்கு மாறாக, தை மாதத்தில் லேசாகப் பனிமூட்டம் இறங்கி, தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டம் கட்டி, விண்மீன்கள் சோகை பிடித்தாற்போல் அசையாமல் நிற்கும் இரவில், மங்கலான வானத்தில் சனி அப்படியே செதுக்கி வைத்ததுபோல் நிற்கும். கோளுக்கு வெளிச்சப் பஞ்சம் இல்லை. கொஞ்சம் மங்கினால் நட்டமில்லை. நெபுலா பார்ப்பவருக்கும் கோள் பார்ப்பவருக்கும் ஒரே இரவு நல்லிரவாக அமைவது அரிது. ஒரே சங்கத்தில் இருவரும் உறுப்பினராக இருந்தால் கூட்டத்துக்குத் தேதி குறிக்க முடியாது.

உரிப்பொருள்

குறிஞ்சி, முதற்படி, புணர்தல். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிளவு கரிக்கோடாகத் தெரியும். வியாழன் நிலவுகளின் நிழல் மைப்புள்ளியாக விழும். அந்த நேரத்தில் யாரும் கூட இருப்பதில்லை.

முல்லை, இரண்டாம்படி, இருத்தல். இத்துறையின் உயிர்நிலை இதுவே. உருவம் நடுங்கிக்கொண்டிருக்கும், எப்போதாவது ஒரு நொடி, இரண்டு நொடி, காற்று மூச்சை அடக்கும். அந்த நொடியில் கண்டதை நினைவில் ஒட்டவைத்து, அடுத்த நொடிக்குக் காத்திருந்து, முன்னதன் மேல் பின்னதை வைத்துக் கட்டவேண்டும். நாற்காலி இல்லாமல் இது நடவாது. நின்று பார்ப்பவர் பத்து நிமிடத்தில் "சுமார்தான்" என்று போய்விடுவார். உட்கார்ந்தவர் அதே வானத்தில் அதே கருவியில் வியாழனின் சிவப்புப் பெரும்புள்ளியின் ஓரத்தை வரைந்துகொண்டிருப்பார். கருவிக்குப் பணம் செலவழிக்கும் எவரும் நாற்காலிக்குச் செலவழிப்பதில்லை என்பது இத்துறையின் தீராப் புதிர்.

மருதம், மூன்றாம்படி, ஊடல். தலைவி முகம் தெளிவாகக் காட்டாதபோது குற்றம் யார்மேல் என்று தெரியாது. ஃபோகஸ் சரியில்லையோ என்று திருகைத் திருப்புவார். இல்லை என்று மறுபடி இந்தப் பக்கம் திருப்புவார். உருவைப் பெருக்கும் பார்லோ வில்லையைக் கழற்றுவார். ஆடி கோணியிருக்குமோ என்று நள்ளிரவில் திருகாணிகளில் கைவைப்பார். அதோடு அந்த இரவு முடிந்தது.

நெய்தல், நான்காம்படி, இரங்கல். கொதிக்கும் எண்ணெயில் போட்ட பூரியாக வியாழன் உப்பிப் புரள்வதைப் பார்த்தபடி வாங்கிய விலையை நினைத்தல். பாலை, ஐந்தாம்படி, பிரிதல்: மூடிபோட்டுக் கீழே இறங்குதல்.

மரபு குறிஞ்சிக்கு யாமத்தையும் பாலைக்கு நண்பகலையும் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கவனிக்க. தளம் ஆறியபின் வரும் நள்ளிரவே சிறந்தது. உச்சிவெயிலில் காற்று மிக மோசம். மருதத்துக்கு வைகறை என்பதுதான் உதைக்கிறது. விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். ஊடலுக்குக் காரணம் இல்லை. ஆய்வாளர் இதற்கும் அமைதி கண்டிருக்கிறார். இரவு முழுதும் வேறெங்கோ இருந்துவிட்டு வைகறையில் படியிறங்கி வரும் தலைவனுக்கு வாயில் மறுக்கப்படுவதே மருதம். அந்த ஊடல் கோளோடு நிகழ்வதன்று.

பெருமிதம் குறித்து ஓர் இடைச்செருகல்

பெரிய கருவி வாங்கியவர்க்கு இப்பகுதி கசக்கும். காற்றில் ஒளி ஒழுங்கு குலையாமல் வரும் துண்டு எவ்வளவு அகலம் என்பதற்கு அமெரிக்க இயற்பியலர் டேவிட் ஃபிரைட் 1966இல் ஓர் அளவு வகுத்தார். நல்ல மலையுச்சியில் அது பத்து சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நகரத்து மாடியில் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பிறகு 1978இல், ஆடியின் அகலம் இந்த அளவைப்போல் எத்தனை மடங்கோ அதைப் பொறுத்து, எத்தனை கணத்துக்கு ஒருமுறை தெளிவான உருவம் அதிர்ஷ்டவசமாக அமையும் என்று கணக்குப் போட்டார். இங்கே கணம் என்பது நொடியில் நூறில் ஒரு பங்கு அளவு. நாலங்குலக் கருவிக்கு மடங்கு இரண்டு. கிட்டத்தட்ட எல்லாக் கணமும் தெளிவு. எட்டங்குலத்துக்கு மடங்கு நான்கு. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பதினான்கு அங்குலத்துக்கு ஏழு. ஏறத்தாழ நானூறில் ஒன்று.

ஆகவே, நாலங்குலக்காரர் வந்து "என்னோடதுல சுத்தமா நிக்குதே சார்" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் கருவியில் நடுங்குவதற்கு அவ்வளவு நுட்பம் இல்லை. பதினான்கு அங்குலம் நானூறில் ஒரு கணத்தில் காட்டுவதை நாலங்குலம் பிறவி முழுதும் காட்டாது. ஆனால் இதை அவரிடம் விளக்கி வெல்ல முடியாது. ஏனென்றால் அவர் பார்க்கும்போது நம் கருவி மீதி 399இல் இருக்கும்.

களவும் கற்பும்

கண்ணால் பார்ப்பது களவு, சாட்சி கிடையாது. படமெடுப்பது கற்பு, ஊரறிய ஆல்பம் உண்டு. களவின் பெரும் ஆபத்து, காணாததைக் கண்டதாக நம்புவது. இதில் பர்சிவல் லோவெல் அளவுக்குச் சென்றவர் இல்லை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் நல்ல காற்றுத் தேடி 1894இல் ஆய்வகம் நிறுவினார். செவ்வாயில் நேர்கோடுகளாகக் கால்வாய்கள் ஓடுவதைக் கண்டார். வெட்டியவர்களின் அறிவுக்கூர்மையைப் பற்றியும் நூல் எழுதினார். 1903இல் மாண்டர் என்னும் ஆங்கிலேய வானியலர், கிரீனிச்சில் பள்ளிச் சிறுவர்களை உட்காரவைத்து, கோடுகளே இல்லாத புள்ளியும் திட்டுமான வட்டம் ஒன்றைத் தூரத்தில் காட்டி வரையச் சொன்னார். சிறுவர்கள் பலர் கால்வாய் வரைந்தார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தவர் நம் அந்தோனியாடியேதான். 1909 செப்டம்பரில், பாரிசுக்கு அருகே மெதோனில், 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், அரிதாகக் கிடைத்த அசையாக் காற்றில் அவர் செவ்வாயைப் பார்த்தார். கோடுகள் ஒழுங்கற்ற திட்டுகளாகச் சிதறிப்போயின. நடுக்கம் சிதைத்ததைவிட, நடுக்கத்தில் மனம் கட்டியது பெரிது.

களவு எப்போதும் பொய்க்கும் என்பதும் இல்லை. 1933 ஆகஸ்டில் சனியின் முகத்தில் பெரிய வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் வில் ஹே. லண்டன் நார்பரியில் தம் வீட்டில் ஆறங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தவர். தொழிலால் நாடக, சினிமா நகைச்சுவை நடிகர். நகைப்புக்குரியவர்கள் சொல்வதையும் வானியலர் கேட்டுக்கொண்ட அரிய தருணம்.

கற்பு இன்று வீடியோ வழியே நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஆயிரக்கணக்கான படச்சட்டங்கள் எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளிடம் கொடுத்தால், அது ஃபிரைட் சொன்ன அதிர்ஷ்டக் கணங்களைப் பொறுக்கி அடுக்கித் தரும். அதிக நேரம் எடுக்கவும் முடியாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், முகம் நகர்ந்துவிடும். 2006இல் வியாழனின் வெள்ளைப்புயல் ஒன்று சிவப்பாக மாறியதை முதலில் கவனித்தவர் பிலிப்பைன்ஸின் செபு நகரைச் சேர்ந்த ஆர்வலர் கிறிஸ்டோபர் கோ. செபுவும் நம்மைப்போல் வெப்பமண்டலக் கடலோர ஊர்; கோள்கள் தலைக்குமேல் ஏறிவரும், காற்றின் தடிமன் குறையும். இந்தப் பேறு லண்டனுக்கு இல்லை. தலைக்கு நேர்மேலே வரும் கோளைப் பின்தொடர டாப்சோனியன் கருவி படுத்துகிற பாடும் லண்டனுக்கு இல்லை.

அலர்

ஊரார் பேச்சு இல்லாமல் அகமரபு இல்லை. இரவு ஒரு மணிக்கு மாடியில் குழாயை நீட்டிக்கொண்டு ஒருவர் அசையாமல் நின்றால் எதிர்வீடு என்ன நினைக்கும்? "எங்க வீட்டுப் பக்கமா என்ன சார் பாத்துட்டே இருக்கீங்க?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டேவிட்டார். "சனிங்கம்மா." "நெனச்சேன்." இந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்பதை இத்தகைய தருணத்தில் தற்காப்பாகச் சொல்லக்கூடாது.

அலரைத் தணிக்க ஒரே வழி அவரையே அழைத்துக் காட்டுவது. காட்டப்பட்டது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அய்யோ, இப்படி நடுங்குதே, அங்க ரொம்பக் குளிரோ?" என்றார். குளிர் உண்மைதான், சனியின் மேகமுகட்டில் சுழியத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால். நடுங்குவது அவர் வீட்டு ஏசியால் என்பதைச் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு வரவில்லை.

உடன்போக்கு

ஊர் ஒத்துழைக்காதபோது தலைவியோடு ஊரைவிட்டுப் போவதே வழி. கருவியைக் காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்து, சீட்பெல்ட் போட்டு, ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ கிளம்புவார்கள். பாலைக்குரிய ஆறலைகள்வர் வழிநெடுகச் சுங்கச்சாவடிகளாக உருமாறி நிற்கிறார்கள். ஜவ்வாது மலைச்சாரலில், காவலூரில், வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய ஆய்வகம் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. கலங்கும் காற்றை எப்படிச் சுற்றிப்போவது என்பதற்கும் அங்கே பாடம் உண்டு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்தபோது, மறைப்புக்கு முன்பே விண்மீன் கணநேரம் மங்கியதை அங்குள்ள ஒரு மீட்டர் கருவி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த நிகழ்வை வெவ்வேறு இடங்களில் அளந்ததிலிருந்துதான் தெரியவந்தது. முகத்தைப் பார்க்காமலே அணிகலனை அறிந்தார்கள்.

புறனடை

மேலே சொன்னவற்றுள் அடங்காதவை கைக்கிளையும் பெருந்திணையும். எந்தக் கோளும் நம்மை விரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் எல்லாமே கைக்கிளைதான் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் மாடிக்கு வரவேண்டாம். இரண்டரைப் பாகை நொடிகூட அகலமில்லாத நெப்டியூனை நகரத்து வானில் முந்நூறு மடங்கு பெருக்கி, மேகம் தெரிகிறதா என்று தேடுவது பொருந்தாக் காமம், பெருந்திணை. பெட்டிமேல் 525 மடங்கு என்று அச்சிட்ட அறுபது மில்லிமீட்டர் பொம்மைக் கருவி வாங்குவதும் அதன்பாற்படும். அந்த அகலத்துக்கு 120 மடங்கே உச்சம்.

மறுப்பு ஒன்று எஞ்சுகிறது. காசினி விண்கலம் 2004 முதல் 2017வரை சனியைச் சுற்றிவந்து, வளையத்தின் ஒவ்வொரு இழையையும் படமெடுத்து அனுப்பிவிட்டதே, செல்போனில் தட்டினால் நடுக்கமில்லாமல் வருகிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். விடை எளிது. அது பிறர் மனை. பொருளதிகாரத்தின் அகப்பகுதியில் அதற்கு இடமில்லை. வேண்டுவோர் திருக்குறளில் அதற்கென உள்ள அதிகாரத்தைப் பார்த்துக்கொள்க.